வசனத்தின் விலாசம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடியும் நேரத்தில் ஒரு தாம்பாளம் வரிசை வரிசையாகக் கைமாறி வரும். அதில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். வருகிற வருஷம் முழுக்க அதுதான் நமக்கு வாக்குத்தத்தம். நாசரேத் பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மா நாற்பது வருஷத்து அட்டைகளைத் தன் வேதாகமத்துக்குள் செருகி வைத்திருக்கிறார். அதனாலேயே அந்தப் புத்தகம் சரியாக மூடாது. சில வருஷங்களுக்கு முன்னால் அவருக்கு வந்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. மகன் அப்போதுதான் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போயிருந்தான். தம் மக்களைக் குறித்துக் கடவுள் நினைப்பது நல்லதுதான், கெட்டதல்ல. அவர்கள் நம்பிக் காத்திருப்பது வீண்போகாது என்பது அந்த வசனத்தின் சாரம். பெரியம்மா அந்த அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

அடுத்த முறை நான் போனபோது அட்டையை எடுத்து நீட்டி, "எய்யா, இது மொதல்ல யாருக்குச் சொன்னது?" என்று கேட்டார். ஓய்வுநாள் பாடசாலையில் வருஷக்கணக்காக வசனம் மனப்பாடம் செய்தவன் நான். அந்தக் கேள்வியை நானாக ஒருநாளும் கேட்டதில்லை.

எரேமியா 29:11 என்பது ஒரு விலாசம். நூலின் பெயர் ஊர், 29 என்ற அதிகாரம் தெரு, 11 என்ற வசனம் கதவு எண். விலாசம் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 3:16-18 என்று இருந்தால் 16 முதல் 18 வரை, 3:16,18 என்றால் நடுவில் உள்ள 17 வேண்டாம், 3:16; 4:2 என்றால் அரைப்புள்ளிக்குப் பிறகு அடுத்த அதிகாரம். 16அ, 16ஆ என்று பார்த்தால் அந்த வசனத்தின் முன்பாதி, பின்பாதி. யூதா 9 என்று ஒரே எண்ணோடு நின்றால் அச்சுப்பிழை என்று நினைத்துவிட வேண்டாம். யூதா, பிலேமோன், ஒபதியா, 2 யோவான், 3 யோவான் ஆகிய ஐந்துக்கும் ஒரே அதிகாரம்தான். அதனால் அதிகார எண் போட அவசியமில்லை. எண் பெயருக்கு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். 'யோவான் 3' என்பது சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரம். '3 யோவான்' என்பது புதிய ஏற்பாட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் ஒரு குட்டிக் கடிதம்.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. சிஎஸ்ஐ, லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பும், 1995இல் வந்த திருவிவிலியமும் ஒரே நூலை வேறு வேறு பெயரில் அழைக்கின்றன. ஆதியாகமம் அங்கே தொடக்கநூல். யாத்திராகமம் விடுதலைப் பயணம். உபாகமம் இணைச்சட்டம். பிரசங்கி சபை உரையாளர். திருவிவிலியத்தின் சுருக்கக் குறிகளில் 'திபா' என்றால் திருப்பாடல்கள், அதாவது சங்கீதம். 'திப' என்றால் திருத்தூதர் பணிகள், அதாவது அப்போஸ்தலருடைய நடபடிகள். ஒரு கால் வாங்குவதில் ஆயிரம் பக்கம் தள்ளிப் போய்விடலாம். கத்தோலிக்க நண்பர் தோபித்து, மக்கபேயர், சீராக்கின் ஞானம் என்று மேற்கோள் காட்டினால் உங்கள் வேதாகமத்தில் தேடிச் சலிக்காதீர்கள். சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் 66 நூல்கள், கத்தோலிக்க விவிலியத்தில் 73. அந்த ஏழு நூல்களும் அவர்களுடைய பழைய ஏற்பாட்டில் இருக்கின்றன.

இந்த எண்கள் எல்லாம் வேதத்தோடு வந்தவை அல்ல. எரேமியா 29:11 என்று எரேமியா எழுதவில்லை. இன்று நாம் பார்க்கும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் செய்தது. பாரிஸில் பாடம் நடத்தியவர், பின்னால் கேன்டர்பரி பேராயர் ஆனவர். எபிரேய வேதத்தில் வசனங்கள் எங்கே முடிகின்றன என்ற குறி அதற்கு முன்பே இருந்தது. புதிய ஏற்பாட்டை எண்ணிட்ட வசனங்களாகப் பிரித்தவர் ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சகர். 1551இல் ஜெனீவாவில் அவர் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பில்தான் அந்த எண்கள் முதலில் ஏறின. பாரிஸிலிருந்து லியோனுக்குப் போன பயணத்தில் அந்த வேலையைச் செய்தார் என்று அவருடைய மகன் எழுதிவைத்திருக்கிறார். 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தபோது இந்த எண்களுக்கு 164 வயதுதான்.

சில எண்கள் காலியாக நிற்பதற்கும், எண்கள் இப்படிப் பின்னால் வந்ததே காரணம். அப்போஸ்தலர் 8:37ஐப் பழைய மொழிபெயர்ப்பில் படிப்பீர்கள். புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அது அடிக்குறிப்புக்குப் போயிருக்கும். யாரோ வேதத்தை வெட்டிவிட்டார்கள் என்று இதைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. நடந்தது வேறு. எஸ்தியென் எண் போட்ட கிரேக்க உரையில் அந்த வசனம் இருந்தது. பின்னால் ஆராய்ச்சிக்கு வந்த 4ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படிகளான சினாயிட்டிகஸிலும் வத்திக்கானஸிலும் அது இல்லை. எண்ணை மாற்றினால் உலகத்தில் உள்ள எல்லா மேற்கோளும் குழம்பும் என்பதால் கதவு எண்ணை அப்படியே விட்டுவிட்டு வசனத்தைக் கீழே இறக்கினார்கள்.

எண் வருவதற்கு முன்னால் எப்படி மேற்கோள் காட்டினார்கள்? மாற்கு 12:26ஐப் பாருங்கள். சதுசேயரோடு வாதிடும்போது இயேசு, மோசேயின் நூலில் முட்செடியைப் பற்றிய இடத்தைப் படித்ததில்லையா என்று கேட்கிறார். யாத்திராகமம் 3 என்று சொல்ல வழியில்லை. முட்செடி என்றால் கேட்டவர்களுக்கு இடம் தெரியும். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் 2:6 எட்டாம் சங்கீதத்தை மேற்கோள் காட்டும்போது, எங்கேயோ ஒருவர் சொல்லியிருக்கிறார் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. பாட்டுக்கு அதன் முதல் அடியே பெயர். நம் சபைகளில் கீர்த்தனைப் புத்தகத்தின் பின்னால் முதற்குறிப்பு அகராதி வைத்திருக்கிறோமே, அதே முறைதான். அதனால்தான் சிலுவையில் இயேசு எழுப்பிய கைவிடப்பட்ட குரலை (மத்தேயு 27:46) 22ஆம் சங்கீதத்தின் முதல் அடி என்று தெரிந்து கேட்கும்போது நெஞ்சு அடைக்கிறது. அந்தச் சங்கீதத்தில் தலையை ஆட்டிக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், உடைக்குச் சீட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது புலம்பலோடு முடிவதில்லை. பாதிக்கு மேல் சபை நடுவே துதி எழுகிறது. முதல் அடியைக் கேட்ட யூதருக்கு முழுப் பாட்டும் நினைவுக்கு வந்திருக்கும். நமக்கு ஒரு எண் மட்டும் வருகிறது.

எண் வசதி தந்தது, வெட்டவும் கற்றுக்கொடுத்தது. சில இடங்களில் வெட்டு தவறாகவே விழுந்திருக்கிறது. ஏசாயாவின் துன்புறும் ஊழியரைப் பற்றிய பாட்டு 52:13இல் தொடங்கி 53:12இல் முடிகிறது. அதிகாரக் கோடு அதன் கழுத்தில் விழுந்ததால் பெரும்பாலோர் 53இல் இருந்தே படிக்கிறார்கள். கல்யாணங்களில் வாசிக்கும் 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு சபைச் சண்டை நடக்கிறது. யாருடைய வரம் பெரியது என்று அடித்துக்கொண்டவர்களுக்குத்தான் பவுல் அன்பைப் பற்றி எழுதினார். பட்டுச்சேலை சரசரக்கும் மண்டபத்தில் அது தெரிவதில்லை.

ஆகவே விலாசம் கையில் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அந்த வீட்டில் பேசிக்கொண்டிருப்பது யார் என்பது. இதற்கு யோபு 8:7ஐ விடக் கூர்மையான உதாரணம் எனக்குத் தெரியாது. தொடக்கம் சிறிதாக இருந்தாலும் முடிவு பெருகிச் செழிக்கும் என்ற கருத்துள்ள வசனம். புதுக்கடை திறப்பு விழா அழைப்பிதழில், ஆட்டோவின் பின்கண்ணாடியில், கல்லாப்பெட்டிக்கு மேல் சட்டம் போட்ட படத்தில் பார்த்திருப்பீர்கள். பேசுகிறவர் பில்தாத், யோபைப் பார்க்க வந்த மூன்று நண்பர்களில் ஒருவர். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிற மனிதனிடம் அவர் பேசுகிறார். மூன்று வசனம் முன்னால் போங்கள். 8:4இல், உன் பிள்ளைகள் செய்த பாவத்துக்கு அவர்கள் அனுபவித்தார்கள் என்கிற தொனியில் சொல்கிறார். அடுத்தபடியாக, நீ மட்டும் சுத்தமாக இருந்தால் கடவுள் உன்னைப் பெருகச் செய்வார் என்று வருகிறது. அந்த வாக்கியத்தின் வால்தான் நம் கல்லாவுக்கு மேல் தொங்குகிறது. நூலின் கடைசியில், 42:7இல், நீங்கள் மூவரும் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கடவுளே அந்த நண்பர்களைக் கடிந்துகொள்கிறார். யோபு இறுதியில் மறுபடி செழித்தார் என்பது உண்மை. ஆனால் பில்தாத் போட்ட கணக்கின்படி அல்ல. துக்க வீட்டில் போய் இந்த வசனத்தைச் சொல்வதற்கு முன்னால், முதலில் அது எந்தத் துக்க வீட்டில், எந்த முகத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, யாரிடம் பேசப்படுகிறது. இதில் தமிழ் வாசகர் பாக்கியசாலி. ஆங்கிலத்தில் ஒருவருக்கும் பலருக்கும் இன்று ஒரே சொல். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் தனித்தனிச் சொல். தமிழிலும் அப்படியே. லூக்கா 22:31, 32 வசனங்களைத் திறந்துபாருங்கள். சாத்தான் புடைக்கக் கேட்டது 'உங்களை', அதாவது சீஷர் எல்லாரையும். நான் வேண்டிக்கொண்டது 'உனக்காக', அதாவது பேதுரு ஒருவனுக்காக. பன்மையிலிருந்து ஒருமைக்குத் திரும்பும் அந்த நொடியில் இயேசு கூட்டத்திலிருந்து ஒரு முகத்தைப் பார்க்கிறார். பழைய மொழிபெயர்ப்பு இதை அப்படியே காத்துத் தந்திருக்கிறது.

மூலத்தில் இல்லாத ஒன்றையும் தமிழ் கேட்கும். கிரேக்கத்தில் நாம், நாங்கள் என்ற வேறுபாடு கிடையாது. மாற்கு 4:38இல் புயலில் சிக்கிய சீஷர், தூங்கிக்கொண்டிருக்கும் இயேசுவை எழுப்பி, சாகப்போகிறோமே என்று கத்துகிறார்கள். 'நாம்' என்று போட்டால் இயேசுவும் சேர்ந்து மூழ்குவார் என்று பயந்தார்கள் என்றாகும். 'நாங்கள்' என்று போட்டால், எங்களைப் பற்றி உமக்குக் கவலை இல்லையா என்ற வருத்தம் மேலோங்கும். அந்தச் சொல்லை எழுதுவதென்றால் மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். பழைய மொழிபெயர்ப்பு 'நாங்கள்' என்றது. இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது ஏன் நல்லது என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் படகைத்தான். இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் நிம்மதியாகப் போகலாம். வேறுபடுகிற இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

பழைய சொற்களும் அளவுகளும் அடுத்த தடை. ஆயக்காரன் என்பதை இன்றைய பிள்ளைகள் என்னவென்று நினைப்பார்கள்? ஆயம் என்றால் வரி, சுங்கம். ரோமருக்கும் ஏரோதுக்கும் தன் சொந்த ஜனங்களிடமே வரி பிடுங்கியவன் அவன். திருவிவிலியம் 'வரிதண்டுவோர்' என்று சொல்கிறது. இன்னும் பெரிய ஏமாற்றம் தாலந்து. நம் சபைகளில் பாட்டுப் பாடத் தெரிந்தால், கீபோர்டு வாசிக்கத் தெரிந்தால் 'தாலந்துள்ள பிள்ளை' என்கிறோம். மத்தேயு 25இல் வரும் உவமையிலிருந்து அந்தச் சொல் திறமைக்குப் பெயராகிவிட்டது. இயேசு சொன்னபோது அது எடை, பணம். ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி என்பது மத்தேயு 20இல் வரும் திராட்சைத் தோட்டக் கதையிலேயே தெரிகிறது. வருஷத்துக்கு 300 வேலைநாள் என்று வைத்தால் ஒரு தாலந்து ஒரு கூலியாளின் இருபது வருஷ உழைப்பு. ஒரே ஒரு தாலந்து வாங்கியவனுக்கு எஜமான் கொஞ்சமாகத்தான் கொடுத்தார் என்று நினைத்துப் பரிதாபப்படுகிறோமே, அவன் மண்ணில் புதைத்தது அவ்வளவு பெரிய தொகை.

இதே கணக்கோடு மத்தேயு 18:23-35க்கு வாருங்கள். ஒரு ஊழியன் ராஜாவுக்குப் பட்ட கடன் 10,000 தாலந்து. அதாவது ஆறு கோடி நாள் கூலி, இரண்டு லட்சம் வருஷ உழைப்பு. கேட்டவர்கள் வாய்பிளந்திருப்பார்கள். ராஜா அதைத் தள்ளுபடி செய்கிறார். வெளியே வந்த அவன் தனக்கு 100 தெனாரியம் தர வேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். நூறு நாள் கூலி சின்னக் காசும் அல்ல, மூன்று நான்கு மாத வருமானம். கோபம் வருவது நியாயமே. ஆனால் மன்னிக்கப்பட்டதற்கும் மன்னிக்க மறுத்ததற்கும் உள்ள விகிதம் ஆறு லட்சத்துக்கு ஒன்று. வேதாகமத்தின் பின்பக்கத்தில் இருக்கும் அளவைப் பட்டியலைப் புரட்டாமல் படித்தால் 'பெரிய கடன், சின்னக் கடன்' என்று கடந்துபோயிருப்போம்.

எந்த வகை எழுத்து என்பதையும் பார்க்க வேண்டும். நீதிமொழிகள் 26:4, மூடனுக்கு அவன் போக்கிலேயே பதில் சொல்லாதே என்கிறது. 26:5, சொல் என்கிறது. வேதம் முரண்படுகிறது என்று சிலர் இதை எடுத்துக் காட்டுவார்கள். 'பதறாத காரியம் சிதறாது' என்று சொன்ன அதே ஆச்சி 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்றும் சொல்வாள். எப்போது எது என்று தெரிவதுதான் ஞானம் என்பதால்தான் அந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். பழமொழியைச் சட்டமாகவோ, பாட்டை அறிக்கையாகவோ, ஒரு சபைக்கு எழுதிய கடிதத்தைப் பஞ்சாங்கமாகவோ படித்தால் சிக்கல் நம்முடையது.

பக்கத்தின் நடுப்பத்தியிலோ அடியிலோ பொடி எழுத்தில் இருக்கும் ஒத்துவாக்கியங்களைப் பலர் தொடுவதே இல்லை. தொட்டால் எங்கே கொண்டுபோகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இரண்டு மூன்று பேர் என் நாமத்தில் கூடினால் நானும் அங்கே இருப்பேன் என்ற கருத்துள்ள மத்தேயு 18:20, ஆராதனைக்கு ஆள் குறைந்த நாளில் ஆறுதலுக்குச் சொல்லப்படும் வசனம். ஒத்துவாக்கியத்தைப் பின்தொடர்ந்து 18:16க்கும், அங்கிருந்து உபாகமம் 19:15க்கும் போனால், இரண்டு மூன்று சாட்சிகள் இருந்தால்தான் ஒரு வழக்கு நிலைக்கும் என்ற சட்டத்தில் போய் நிற்பீர்கள். தவறு செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் பேசு, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ என்று இயேசு சொல்லிக்கொண்டு வருகிற இடம் அது. இரண்டு சகோதரர்களைச் சமாதானம் பண்ணத் தயங்கித் தயங்கி ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று பேரோடுதான் அவர் இருப்பேன் என்கிறார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வசனம் எனக்கு இன்னும் பாரமாகிவிட்டது.

வசனத்தைத் தனியாகப் பிடுங்கிக் காட்டும் ஒரு பாத்திரம் வேதத்துக்குள்ளேயே வருகிறது. மத்தேயு 4:6இல் பிசாசு 91ஆம் சங்கீதத்திலிருந்து மேற்கோள் காட்டி, ஆலய உச்சியிலிருந்து குதிக்கச் சொல்கிறான். இயேசு உபாகமம் 6:16ஐக் கொண்டு பதில் சொல்கிறார். வசனம் வேதத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதாது.

பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அன்று மத்தியானம் அவருடைய வேதாகமத்திலேயே 28, 29 இரண்டு அதிகாரங்களையும் வாசித்துக் காட்டினேன். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, இளம் ராஜாவையும் அவன் தாயையும் தச்சர், கொல்லர் போன்ற கைவேலைக்காரர்களையும் சிறைபிடித்துக்கொண்டு போனான். எருசலேமில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று முழங்கினான். எரேமியாவின் கழுத்தில் இருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டினான். ஜனங்களுக்கு எது பிடித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எரேமியா பாபிலோனில் இருந்தவர்களுக்கு எழுதினார். அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், உங்களைச் சிறைகொண்டுபோன அந்தப் பட்டணத்தின் நலனுக்காக ஜெபியுங்கள். எழுபது வருஷம் ஆகும். அதைக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பப்போவதில்லை. அந்த எழுபது வருஷத்தைச் சொன்ன பத்தாம் வசனத்துக்கு அடுத்ததுதான் அட்டையில் இருந்த பதினொன்று. அங்கே வரும் 'உங்கள்' பன்மை; ஒரு ஜனக்கூட்டம் முழுவதுக்கும் சொன்னது.

வாசித்து முடித்தபோது, அவருடைய ஆறுதலை நான் பறித்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது. பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இது தூரதேசத்துல இருந்தவங்களுக்குப் போட்ட கடுதாசியா?" என்றார்.

"ஆமா பெரியம்மா."

"அந்த ஏழாம் வசனத்தை இன்னொரு தடவ வாசி."

வாசித்தேன். பேனா கேட்டு வாங்கி, அட்டையின் பின்பக்கத்தில் 29:7 என்று எழுதி, அதற்குக் கீழே 'ஷார்ஜா' என்று எழுதினார். அந்த அட்டை இப்போது தலையணைக்கு அடியில் இல்லை. எரேமியாவில், அந்தப் பக்கத்தில், செருகியிருக்கிறது.